இடப்பக்கம் நின்றவன்

சொரிமுத்துவுக்கு வீரகேரளம்புதூர் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை. வீட்டில் இவனோடு ஆண்பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவர்கள் இரண்டு பேரும் போலீஸுக்குப் போய்விட, நெஞ்சளவு பற்றாமல் திரும்பி வந்த இவன் மட்டும் செம்புக்கம்பியோடு உட்கார்ந்துவிட்டான். ஜோயல் தென்காசியில் ஒரு டிராவல்ஸில் கார் ஓட்டினான். டிராவல்ஸ் ஆபீஸின் தண்ணீர் மோட்டார் புகைந்து போய்க் கடைக்கு வந்த அன்றுதான் இருவருக்கும் பழக்கம். சுவரில் சாய்த்து வைத்திருந்த மெல்லிய தூண்டில் ராடைப் பார்த்துவிட்டு, "இது எத்தன கிராம் லூர் தாங்கும்?" என்று ஜோயல் கேட்டான். அந்த ஊரில் அதுவரை யாரும் சொரிமுத்துவிடம் தூண்டிலில் மாட்டும் பொய்யிரையைப் பற்றி அப்படியொரு கேள்வி கேட்டதில்லை. மோட்டாரைப் பற்றிப் பேச மறந்துபோனார்கள்.

அதற்குப் பிறகு அவர்களுக்கு வருஷம் என்பது மீன் கணக்குத்தான். பங்குனி சித்திரையில் குளங்கள் வற்றி நடுவில் ஒரு தேக்கமாகச் சுருங்கும்போது, தண்ணீரில் படர்ந்த அமலைச்செடி ஓரமாக ரப்பர் தவளையை வீசி விரால் பிடிப்பார்கள். ஆனி ஆடியில் சாரல் விழ ஆரம்பித்தால், புதுத்தண்ணீர் இறங்கும் கால்வாய் வாய்களில் நிற்பார்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் குளங்கள் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் மறுகாலில் பாயும். அந்த நுரைக்குக் கீழே எதிர்த்து ஏறும் மீனுக்குச் சின்னச் சின்ன தகட்டு லூர். தை பிறந்து சிற்றாறு தெளிந்துவிட்டால், கல்லிடுக்கில் ஒளிந்திருக்கும் கெண்டைக்கு நகத்தளவு சுழலித் தகடு, தலைமுடி மாதிரி மெல்லிய தூண்டில் நரம்பு. பிடித்த மீனைப் பெரும்பாலும் திரும்ப விட்டுவிடுவார்கள். மாடு மேய்ப்பவர்கள் பார்த்துவிட்டு, "விடுததுக்கா இம்புட்டுப் பாடு?" என்று சிரிப்பார்கள். குளத்தைக் குத்தகை எடுத்தவர்களும் இவர்களை விரட்டுவதில்லை. விரால் இருந்தால் அவர்கள் விட்ட கட்லாக் குஞ்சுகளைத் தின்றுவிடும். "அதைப் பிடிச்சிக் கொண்டு போங்கப்பா, திரும்ப மட்டும் உள்ள விடாதீங்க" என்பார்கள். அவர்கள் தலை மறைந்ததும் ஜோயல் மீனைத் தண்ணீருக்குள் இறக்கி, அது தானாக வாலை அசைத்துப் போகும்வரை பிடித்துக்கொண்டிருப்பான்.

ஓர் ஆனி மாதத்தில் ஒரு காலை, ஜோயலுக்கு வந்திருந்த சவாரி ரத்தாகிவிட்டது. குற்றாலத்தில் அருவிக்குள் யாரையும் விடவில்லை, அவ்வளவு வெள்ளம். சுந்தரபாண்டியபுரம் பக்கம் ஒரு சின்னக் குளம் அவர்களுக்குப் பழக்கம். போனார்கள். மலை முழுக்க மேகம் மூடியிருந்தது. சாரல் தூறலாகக்கூட விழவில்லை, காற்றோடு கலந்து முகத்தில் அப்பியது. மீன் பிடிக்கும்போது போடுகிற கறுப்புக் கண்ணாடியில் ஈரம் படிந்து படிந்து மறைக்கிறதென்று ஜோயல் அதைத் தொப்பிக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டான். சொரிமுத்துவும் அப்படித்தான் செய்திருந்தான்.

சொரிமுத்து வீசினான். ஜோயல் அவனுக்கு வலப்பக்கம், ஓரடி பின்னால் நின்று தன் நரம்பில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தான். தவளை அமலையின் விளிம்பில் விழுந்து, நின்று, இரண்டு துள்ளு துள்ளியது. தண்ணீர் வெடித்தது. விரால் தவளையைக் கவ்வினால் உடனே வெட்டக் கூடாது. ஒரு மூச்சு பொறுத்து, அது வாயை மூடித் திரும்பிய பிறகுதான் ராடைச் சட்டென்று மேலே இழுத்து முள்ளை ஏற்ற வேண்டும். சொரிமுத்து பிறருக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. ஆனால் அந்த மீன் பெரியது. முதுகு தெரிந்தது. கை தானாக எழும்பிவிட்டது.

மீன் வாயைத் திறந்துவிட்டது. இழுத்த வேகத்தில் தவளை தண்ணீரை விட்டுக் கிளம்பி அவன் காதோரமாகச் சீறிப் போனது.

பின்னால் சத்தம் எதுவும் வரவில்லை. அதனால்தான் அவன் உடனே திரும்பவில்லை. "போச்சிலே, எம்புட்டுப் பெருசு பாத்தியா?" என்றுகூடச் சொன்னான்.

"சொரி," என்றான் ஜோயல். குரல் சாதாரணமாக இருந்தது. "நரம்ப இழுக்காத. அப்படியே நில்லு."

திரும்பிப் பார்த்தபோது ஜோயல் இரண்டு கையாலும் அந்தப் பச்சைத் தவளையை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். விரல் இடுக்கில் ரத்தம் அதிகம் இல்லை. வேறு ஏதோ தண்ணீர் மாதிரி வழிந்தது.

சொரிமுத்து நரம்பைப் பல்லால் கடித்து அறுத்தான். பைக்கில் பின்னால் உட்கார வைத்தான். தென்காசி வரைக்கும் ஜோயல் ஒரு கையால் தவளையைப் பொத்திக்கொண்டு, மறு கையால் சொரிமுத்துவின் சட்டையைப் பிடித்திருந்தான். "மெதுவாப் போ, குண்டு குழி பாத்துப் போ" என்று இரண்டு முறை சொன்னான். தென்காசியில் பார்த்தவர்கள் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். மீனைக் காயமில்லாமல் விடுவதற்காக எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கி வைத்திருந்ததால் முள் சுலபமாக வந்துவிட்டது என்றார் அங்கிருந்த டாக்டர். அதை ஒரு நல்ல செய்தி மாதிரி சொன்னார். இடது கண்ணில் பார்வை மட்டும் திரும்பி வரவில்லை.

ஜோயலின் மனைவி ஜெயபிரியா, ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், பாதி வகுப்பில் ஓடி வந்திருந்தாள். கையில் சாக்பீஸ் பொடி. ஆஸ்பத்திரி வராந்தாவில் சொரிமுத்து சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அவனைப் பார்த்தாள். கிட்டே வந்து நின்றாள். எதையோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

ஆடி போய் ஆவணி போயிற்று. ஒற்றைக் கண்ணோடு வாடகைக் கார் ஓட்ட லைசென்ஸ் கிடையாது. டிராவல்ஸ் முதலாளி நல்ல மனுஷர். போன் எடுக்கிற வேலைக்கு ஆபீஸிலேயே உட்கார வைத்தார். கேரளாவுக்குப் போகிற வண்டி, மதுரை ஏர்போர்ட் வண்டி என்று மற்ற டிரைவர்களை அனுப்பிக்கொண்டு ஜோயல் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தான். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் சொரிமுத்து எதிர்ச்சாரியில் போனான். தன் ராடுகளைச் சாக்கில் சுற்றிக் கடைப் பரணில் போட்டுவிட்டான். தூக்கத்தில் அவன் வலது மணிக்கட்டு திடீர் திடீரென்று மேலே வெட்டியது. அவன் மனைவி ஆனந்தவள்ளி முதலில் பயந்தாள். பிறகு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கப் பழகினாள்.

ஆனாலும் சொரிமுத்து மாதத்துக்கு ஒரு தடவையாவது ஜோயலின் வீட்டுக்குப் போகத்தான் செய்தான். ஒருநாள் ஜோயல் குளித்துக்கொண்டிருந்தான். ஜெயபிரியா காப்பி கொண்டுவந்து வைத்தாள். சொரிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு, "என்னிய ஏசிருங்கம்மா. ஒரு வார்த்த ஏசிருங்க" என்றான்.

"உங்கள ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு அவரு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு," என்றாள் ஜெயபிரியா. "அதான் ஒண்ணும் சொல்லல. காப்பி ஆறுது."

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு மத்தியானம் ஜோயல் குடையோடு கடை வாசலில் வந்து நின்றான். இடது கண்ணில் இப்போது செயற்கைக் கண் வைத்திருந்தார்கள். அது கொஞ்சம் பெரிதாக, எப்போதும் விழித்தபடி இருந்தது.

"மறுகால் பாயுதாம்லே," என்றான். "போவமா?"

சொரிமுத்துவின் கையிலிருந்த கம்பிச்சுருள் உருண்டு கீழே விழுந்தது. "நீயா?"

"நான் இல்லாம யாரு? எனக்கு பைக் ஓட்ட தைரியம் வரல. நீ கூட்டிட்டுப் போனா வருதேன்."

போனார்கள். சொரிமுத்து ராடு எடுக்கவில்லை. "கை வலிக்கு" என்றான். ஜோயல் தன் ராடைப் பூட்டினான். மறுகாலின் வெள்ளை நுரைக்கு முன்னால் நின்று முதல் வீச்சு வீசினான். லூர் கரையோர வேலிக்காத்தான் மரத்தில் போய்த் தொங்கியது. அடுத்தது காலடியிலேயே விழுந்தது. ஒரு கண்ணுக்குத் தூரம் தெரியாது. பத்தடியும் முப்பதடியும் ஒரே சுவரில் வரைந்த மாதிரி இருக்குமாம். முன்பெல்லாம் தாமரை இலைக்கு நடுவில் இருக்கிற உள்ளங்கையளவு தண்ணீரில் கொண்டுபோய்ச் சத்தமில்லாமல் இறக்கியவன் அவன்.

"பரவால்ல மக்கா, நல்ல வீச்சு," என்றான் சொரிமுத்து. ஓடிப்போய் மரத்தில் ஏறினான். முள் கீறி முழங்கை எரிந்தது. அது அவனுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. ஓய்வு கிடைத்த காலையெல்லாம் ஜோயலைக் கூட்டிக்கொண்டு போவான். அவனுடைய இடப்பக்கத்தில், தெரியாத பக்கத்தில், ஒரு கை தூரத்தில் நிற்பான். பாம்பு கிடக்கிறதா, கல் வழுக்குமா, கிளை தாழ்ந்திருக்கிறதா என்று பார்ப்பான். லூர் மாட்டினால் எடுப்பான். நரம்பு சிக்கினால் ஜோயல் தடவிப் பார்க்கும் முன்னே வாங்கிப் பிரித்துவிடுவான். கார்த்திகை முழுக்க மழையில் நனைந்தான். ஒரு மீனும் ஏறவில்லை. மார்கழியில் பனி. தை பிறந்து சிற்றாறு தெளிந்தது. கூழாங்கல் எண்ணிவிடலாம் போல அடி தெரிந்தது. ஜோயல் சின்ன ராடோடு பாறையில் உட்கார்ந்து, குற்றாலத்தில் குளிக்கிற சீசன் கூட்டத்தின் எண்ணெயும் ஷாம்பு நுரையும் அடங்கிப்போன ஆற்றில் நகத்தளவு தகட்டை வீசினான். கெண்டைகள் வந்து பார்த்துவிட்டு விலகின. தூரம் தெரியாதவனுக்கு ரீல் சுற்றுகிற வேகமும் பிசகியது.

ஆனாலும் ஜோயல் பழகிக்கொண்டுதான் இருந்தான். ரீலிலிருந்து நரம்பு ஓடுகிற சத்தத்தைக் காதால் வாங்கி, எங்கே நிறுத்த வேண்டும் என்று விரலால் தடவித் தெரிந்துகொள்ளப் பார்த்தான். மாசி கடைசியில் பாதி வீச்சுகள் சரியாக விழுந்தன. அதைச் சொரிமுத்து கவனிக்கவே இல்லை. அவன் தண்ணீரைப் பார்ப்பதை விட்டு எத்தனையோ நாளாயிற்று. ஜோயலின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து படுத்தால் உடம்பெல்லாம் கனத்தது. "பிடிக்கலன்னா போவாதீங்க" என்றாள் ஆனந்தவள்ளி. "பிடிச்சிப்போயா போறேன்?" என்று எரிந்து விழுந்தான்.

சித்திரையில் மறுபடியும் அந்தச் சுந்தரபாண்டியபுரத்துக் குளத்துக்கே போகலாம் என்றான் ஜோயல். சொரிமுத்து வேறு நாலு குளங்களின் பெயரைச் சொல்லிப் பார்த்தான். ஜோயல் கேட்கவில்லை.

குளம் வற்றிப்போய்க் கிடந்தது. வெடித்த வண்டலைத் தாண்டி நடந்தால் நடுவில் ஒரு தேக்கம், அதைச் சுற்றிக் கருகிய அமலை. வெயில் அப்போதே சுட்டது. ஜோயல் நாலைந்து வீச்சு வீசிவிட்டு ராடை நீட்டினான்.

"இன்னைக்கு நீ வீசு."

"எனக்குக் கை…"

"கை வலி ஆறு மாசமா இருக்காது. வீசுலே." சொல்லிவிட்டு அவன் நகர்ந்து சொரிமுத்துவின் வலப்பக்கம், ஓரடி பின்னால் போய் நின்றான்.

"அங்கன நிக்காத."

"இங்கனதான் நிப்பேன். கண்ணாடி போட்டிருக்கேன். வீசு."

சொரிமுத்துவின் உள்ளங்கை வேர்த்து ராடு வழுக்கியது. வீசினான். வருஷம் ஒன்று ஆகப்போகிறது, ஆனாலும் கை மறக்கவில்லை. தவளை அமலையின் ஓட்டையில் அப்படியே போய் இறங்கியது. அவன் அதை அசைக்கவே பயந்தான். "துள்ள விடு" என்றது பின்னாலிருந்து குரல். ஒரு துள்ளல். தண்ணீர் குழிந்து, வெடித்து, தவளை காணாமல் போயிற்று.

ஒரு மூச்சு ஆயிற்று. நரம்பு இறுகி ஓட ஆரம்பித்தது. மீன் கவ்வித் திரும்பிவிட்டது. இனி வெட்டினால் பிசகாது. "வெட்டு! வெட்டுலே!" என்றான் ஜோயல். சொரிமுத்துவால் கையைத் தூக்க முடியவில்லை. ராடின் நுனி தண்ணீர்வரை வளைந்தது. அவன் ராடைத் தாழ்த்திக் கொடுத்துக்கொண்டே நின்றான். கொஞ்ச நேரத்தில் நரம்பு தளர்ந்தது. தவளை தனியாக மேலே வந்து மிதந்தது.

"விட்டுட்டுது," என்றான் சொரிமுத்து.

"அது விட்டுச்சா, நீ விட்டியா?"

சொரிமுத்து ரீலைச் சுற்ற ஆரம்பித்தான். ஜோயல் முன்னால் வந்து அவனுக்கு எதிரே நின்றான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான்.

"நானும் ஐப்பசில இருந்து பாக்கேன். என் வீச்சு கரையில விழுந்தாலும் நல்ல வீச்சுங்குத. சரியா விழுந்தா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குத. ஏன்னா நீ பாக்கவே இல்ல. சிக்கு விழுந்தா பிடுங்கிருத. கல்லு கெடந்தா எனக்கு முன்னால குனியுத. லே, எனக்கு ஒத்தக் கண்ணுதான் போச்சி. நீ என்னிய முழுக்குருடனால்லா ஆக்கி வச்சிருக்க."

"நான் வேற என்னலே செய்யணும்? சொல்லு, செய்யுதேன்."

"இதான். இந்தச் செய்யுதேன்தான்." ஜோயல் வண்டலில் உட்கார்ந்தான். ஒரு காய்ந்த சிப்பியை எடுத்து உடைத்தான். "ஆஸ்பத்திரில கெடக்கும்போது ஒம்மேல கோவப்பட்டுப் பாத்தேன். பட்டிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். வெளிய நீ சொவத்துல முட்டி அழுத சத்தம் உள்ள கேக்கு. அழுதவன்மேல எப்படிலே கோவப்பட? நான் அழுகதுக்கும் நீ எடம் வைக்கல. எனக்கும் ஜெயபிரியாவுக்கும் சேத்து நீயே அழுதுட்ட."

தூரத்தில் வரப்பில் யாரோ டிராக்டர் ஓட்டிப் போனார்கள். புழுதி எழும்பி அடங்கும்வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் மீன் பிடிக்க வருதேன்," என்றான் ஜோயல். "நீ பாவம் தீக்க வருத. ரெண்டும் ஒரு கரையில ஆவாது மக்கா. இனிமே நான் கூப்பிடல. நீயும் வராத."

"கோவமா?"

"கோவம் இல்லன்னுதான் இம்புட்டு நேரம் சொல்லுதேன்."

திரும்பி வரும்போது ஜோயல் அவன் சட்டையைப் பிடிக்கவில்லை. பின்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தான். வீட்டு முக்கில் இறக்கிவிட்டதும், "வாறேன்லே" என்றான், வழக்கம்போல. சொரிமுத்து தலையாட்டினான். கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்கி, விசிறியைப் போட்டு, உட்கார்ந்தான். பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அப்படி இருந்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. மறுவாரம், ஓய்வு நாளின் காலையில் பழக்கத்தில் எழுந்து பைக் சாவியை எடுத்தவன், வாசலிலேயே நின்றுவிட்டான்.

ஆனி வந்தது. மலையில் மேகம் இறங்கி, வெளியூர் வண்டிகள் ரோட்டை அடைத்தன. ஜோயல் குடை உறைக்குள் ராடை இரண்டாகக் கழற்றி வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போகிறான் என்று யாரோ சொன்னார்கள். ஒருநாள் சொரிமுத்துவே பார்த்தான். மோட்டார் இறக்க ஒரு தோட்டத்துக்குப் போன வழியில், பஸ் ஸ்டாப்பில் ஜோயல் நின்றிருந்தான், வலது கண்ணால் பஸ் போர்டைப் படிக்கக் கழுத்தைத் திருப்பியபடி. சொரிமுத்து அவனுக்கு இடப்பக்கமாகத்தான் கடந்து போனான். ஜோயலுக்குத் தெரிந்திருக்காது. ஹார்ன் அடித்திருக்கலாம். அடிக்கவில்லை.

ஆவணியில் ஜெயபிரியா ஒரு மிக்ஸியோடு கடைக்கு வந்தாள். சுற்றுகிறது, ஆனால் புகைகிறது என்றாள். சொரிமுத்து திருகுகளைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கார்பன் தேய்ந்திருக்கிறது, இப்போதே மாற்றிவிடலாம் என்றான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். வெளியே வெயிலும் தூறலும் சேர்ந்து விழுந்தது.

"நேத்து ஒரு விரால் பிடிச்சாரு," என்றாள் திடீரென்று. "காட்டட்டுமா?"

போனை நீட்டினாள். ஈரப்புல்லில் ஒரு விரால். நீளம் தெரியட்டும் என்று பக்கத்தில் ஜோயலின் செருப்பு ஒற்றையாக வைக்கப்பட்டிருந்தது. போட்டோவின் ஓரத்தில் அவன் நிழல் மட்டும் விழுந்திருந்தது.

"நல்ல மீனு," என்றான் சொரிமுத்து. போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான். "பெரிய மீனு."

"அவரு காட்டச் சொல்லல. நானாத்தான் காட்டுனேன்." போனை வாங்கிப் பைக்குள் வைத்தாள். "தனியாப் போறாரு. குளத்துக்குள்ள எறங்கி நிக்காரு. ஸ்கூல்ல பாடம் நடத்திக்கிட்டு இருப்பேன், திடீர்னு நெஞ்சு அடைக்கும். ஒங்ககூடப் போனப்பயும் பயம்தான். இது வேற பயம்."

சொரிமுத்து கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

"நீங்க கூடப் போங்கன்னு கேக்க வந்தேன்னு நெனைக்காதீங்க," என்றாள் ஜெயபிரியா. "அதக் கேக்க எனக்கு வாய் வரல. இன்னும் வரல."

"நானும் போவ முடியாதும்மா," என்றான் அவன். "அவன் சொன்னது சரிதான்."

அவள் தலையசைத்தாள். அவன் கார்பன் மாற்றிக் கொடுத்த மிக்ஸியை வாங்கிக்கொண்டு, குடையை விரித்து, ரோட்டைக் கடந்தாள். ஒரு கேரள வண்டி நின்று குற்றாலத்துக்கு வழி கேட்க, கையை நீட்டிக் காட்டிவிட்டு நடந்தாள். சொரிமுத்து அவள் தெருமுக்கில் திரும்பும்வரை பார்த்தான். பிறகு, காலையில் சிவகிரிக்காரர் ஒருவர் இறக்கிவிட்டுப் போன எரிந்த மோட்டாரை இழுத்து முன்னால் வைத்து, கருகிய கம்பியை உளியால் வெட்டி எடுக்க ஆரம்பித்தான்.